ரெண்டு பேர் சேர்ந்து கேக்கற மாதிரி அருங்காட்சியகத்துல ஒலி வைக்கறது எப்படி?

காங்கேயம் பக்கம் மைக்செட் தொழில் பண்றனுங்க. கோயில் நோம்பி, கல்யாணம் போக, பழைய விவசாயச் சாமான் வெச்சிருக்கற சின்னக் கூடங்களுக்கும் ஒலி அமைச்சுக் குடுக்கறேன்.

முதல்ல ஹெட்போன் வேண்டாமுங்க. 1952லயே ஆம்ஸ்டர்டாம் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்துல காதுல வெச்சுக் கேக்கற வழிகாட்டி வந்துருச்சு. தனியா வர்றவருக்கு அது அருமை. நம்மூர்ல அம்மாயி, அப்புச்சி, பேரன் பேத்தின்னு குடும்பத்தோட வர்றாங்க. காதை அடைச்சா ஆளுக்கொரு பக்கம் போயிருவாங்க. கலிபோர்னியா ஃபிலோலி மாளிகையில ஜெராக்ஸ் கம்பெனியோட 'பார்க்'ங்கற ஆய்வுக்கூடத்து ஆளுங்க, கூட வந்தவர் கேக்கறதை நாமளும் ஒட்டுக்கேக்கற மாதிரி ஒரு கருவி செஞ்சாங்க. நான் எடுத்துக்கிட்டது அந்த எண்ணத்தைத்தான்.

மாடு கட்டிக் கெணத்துத் தண்ணியை மேல இழுக்கற கவலை எறைக்கறதைப் பாருங்க. மாடு ஓட்டறவர் கெணத்து மேட்டுல இருப்பார், தண்ணி கட்டறவர் மம்பட்டியோட பாத்தியில நிப்பார். ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுத்தான் வேலை நடக்கும். கூடத்துலயும் அப்படியே ரெண்டு இடம் வையுங்க. வடக்கயித்தை இழுத்தா அங்க உருளைச் சத்தமும் ஓட்டறவர் பாட்டும் மட்டும் வரணும். தண்ணிச் சத்தம் ஏழெட்டு செகண்ட் கழிச்சு, அந்தக் கோடியில இருக்கற வாய்க்கால்ல கேக்கணும். அப்பத்தான் கயித்தைப் புடிச்ச பையன், "அம்மாயி, தண்ணி வந்துருச்சா?"ன்னு சத்தம் போடுவான். அம்மாயி பதில் சொல்றப்ப, அவங்க தோட்டத்துக் கதையும் கூடவே வரும். அந்தக் கதைக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

சாமான் கொஞ்சந்தான்: கதவு அலாரத்துல வர்ற காந்த சுவிட்ச், எப்ப எது நடக்கணும்னு சொல்ற ஆர்டுயினோங்கற சின்ன போர்டு ஒண்ணு, பதிஞ்ச சத்தத்தைப் பாடற டிஎஃப்பிளேயர் மினிங்கற குட்டி போர்டு ரெண்டு, 3 வாட் ஸ்பீக்கர் ரெண்டு. காந்தம் கயித்துல, சுவிட்ச் கட்டையில. கட்டை கெட்டியா இருக்கோணும், குழந்தைங்க தொங்குவாங்க.

ஸ்பீக்கரைக் காது உயரத்துல, கிட்டக்க வெச்சு, சத்தத்தைக் கம்மியா வையுங்க. திறந்த வெளியில தூரம் ரெட்டிச்சா சத்தம் 6 டெசிபல் கொறையும். கூடத்துக்குள்ள டைல்ஸும் வெறுஞ்செவுரும் அதைத் திருப்பி அடிக்கும். பவானி ஜமக்காளத்தைச் செவுத்துல இருந்து நாலு விரக்கடை தள்ளித் தொங்க விடுங்க. ஒட்டி அடிச்சா அந்தளவுக்கு உறிஞ்சாது. திடும் மேளம் மாதிரி கனத்த சத்தத்துக்கு ஜமக்காளம் பத்தாது.

பதிவு பண்றப்ப, கவலை ஓட்டின பெரியவங்களை அவங்க தோட்டத்துலயே உக்கார வெச்சு, பேரப்புள்ளைங்களைக் கேள்வி கேக்கச் சொல்லுங்க. அவங்க பேச்சைத் திருத்தாதீங்க. பதிஞ்சதைப் போட்டுக் காட்டி, சரின்னு சொன்னாத்தான் வைக்கணும். ஒவ்வொண்ணும் 40 செகண்டுக்குள்ள முடியட்டும். உருளைச் சத்தம் அசலாக் கெடைக்கலையா, அந்த எடத்தை வெறுமனே விட்டுருங்க. சினிமாச் சத்தத்தை ஒட்ட வெச்சா, தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர் வந்து கேட்டதும் மனசு விட்டுருவார்.

வெச்ச பொறகு பக்கத்துல நின்னு விளக்கம் சொல்லாதீங்க. தள்ளி நின்னு, வந்தவங்க பேசிக்கறாங்களான்னு கவனிங்க. சும்மா நின்னு கேட்டுட்டுப் போனா ரெண்டு இடத்தையும் இன்னும் நாலடி விலக்குங்க. கூப்பிடறது கேக்கலைன்னா கிட்டக் கொண்டு வாங்க. ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியற தூரத்தைத் தாண்டவே கூடாது.