சான்றிதழா, முதுகலையா? கணக்கு தப்பும் இடங்கள்

சைபர் செக்யூரிட்டியில் நாலைந்து வருடம் ஓட்டியவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. அனுபவமுள்ள பாதுகாப்பு வல்லுநர்களுக்கான சிஐஎஸ்எஸ்பி மாதிரி ஒரு பெரிய சான்றிதழை முடிப்பதா, இரண்டு வருடம் ஒதுக்கி முதுகலைப் பட்டம் வாங்குவதா? உடனே பலரும் இரண்டின் கட்டணத்தையும் காலத்தையும் அடுத்தடுத்து எழுதிக் கூட்டிக் கழிக்கிறார்கள். முதல் தவறே அதுதான். சான்றிதழைக் கேட்பவர் ஒருவர், பட்டத்தைக் கேட்பவர் இன்னொருவர். வேலைக்கு ஆள் எடுக்கிறவர், வந்து குவிந்த ரெஸ்யூமேக்களைச் சலிக்கச் சான்றிதழின் பெயரைத் தேடுகிறார். ஆராய்ச்சி, கல்லூரி ஆசிரியர் பணி, பட்டத்தை அளவுகோலாக வைக்கும் விசா விதிகள் போன்ற இடங்களில் சான்றிதழை எத்தனை நீட்டினாலும் வேலைக்காகாது. அடுத்து போக நினைக்கும் பதவிக்கான விளம்பரங்கள் இருபதை எடுத்து வைத்துக்கொண்டு, ‘கட்டாயம்’ என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

தேர்வில் பாஸானாலே சான்றிதழ் கைக்கு வந்துவிடும் என்று நம்புவது அடுத்த தவறு. சிஐஎஸ்எஸ்பிக்கு 8 பாடப்பிரிவுகளில் குறைந்தது இரண்டிலாவது மொத்தம் 5 வருடம் சம்பளத்துக்கு வேலை பார்த்த அனுபவம் வேண்டும். அது இல்லாமல் பாஸானவர் ‘அசோசியேட்’ மட்டுமே. அனுபவத்தைச் சேர்த்துக் காட்ட 6 வருட அவகாசம் உண்டு. துறை சார்ந்த பட்டம் இருந்தால் ஒரு வருடம் கழித்துக்கொள்வார்கள். அதற்கு இளங்கலையே போதும். அதன்மேல் முதுகலையும் வாங்கினால் இன்னொரு வருடம் கழியும், வேறொரு சான்றிதழைக் காட்டினால் மேலும் ஒன்று கழியும் என்று போடும் கணக்கு செல்லாது. எதைக் காட்டினாலும் உச்சவரம்பு ஒரு வருடம்தான்.

‘சிஐஎஸ்எஸ்பி என்றால் மாஸ்டர்ஸுக்குச் சமம்’ என்று ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். அது காற்றில் வந்ததல்ல. பிரிட்டனில் கல்வித் தகுதிகளை ஒப்பிட்டுச் சொல்லும் அப்போது யுகே நாரிக் என்ற பெயரில் இருந்த அமைப்பு, 2020-இல் அதை அந்நாட்டுத் தகுதி வரிசையின் 7-ஆம் நிலையில் வைத்தது. முதுகலையும் அதே நிலையில் இருக்கிறது. ஆனால் நிலை ஒன்றாக இருப்பதால் பட்டம் கிடைத்துவிடாது. பிஎச்டி விண்ணப்பத்தில் ‘முதுகலை’ என்ற கட்டத்தில் சிஐஎஸ்எஸ்பி என்று நிரப்பினால் நிராகரிக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

பட்டத்தின் பக்கமும் ஏமாறும் இடங்கள் உண்டு. ‘எம்.எஸ். சைபர் செக்யூரிட்டி’ என்று ஒரே பெயரில் ஓர் இடத்தில் கிரிப்டோகிராஃபியும் நிரல் பகுப்பாய்வும் கற்றுத் தருவார்கள், இன்னோர் இடத்தில் முக்கால்வாசி ரிஸ்க் மேனேஜ்மென்ட்டும் சட்டமும் இருக்கும். பெயரை மட்டும் பார்த்துச் சேர்ந்துவிட்டு, ஏற்கெனவே வேலையில் பழகிவிட்ட விஷயங்களுக்காக இரண்டு வருடம் உட்கார்ந்திருப்பது கொடுமை. பாடத்திட்டத்தையும் ஆய்வேடு எழுத வழி இருக்கிறதா என்பதையும் பார்த்த பிறகு கட்டணத்தைக் கேளுங்கள்.

எல்லாச் சான்றிதழையும் ஒரே தராசில் வைப்பதையும் தவிர்க்க வேண்டும். ஊடுருவிச் சோதிக்கும் திறனுக்கான ஓஎஸ்சிபி தேர்வில் 23 மணி 45 நிமிடம் கேமரா கண்காணிப்பில் உட்கார்ந்து நிஜமாகவே கணினிகளுக்குள் நுழைந்து காட்ட வேண்டும். அதன்பின் அறிக்கை எழுத 24 மணி நேரம். உள்ளே நுழைந்தும், அதற்கான ஸ்கிரீன்ஷாட்டை எடுக்க மறந்தால் அந்த மதிப்பெண் போச்சு. சிஐஎஸ்எஸ்பி நேர்மாறு. விடைக்கேற்ப அடுத்த கேள்வி மாறும், பின்னால் போய்த் திருத்த முடியாது. ஊடுருவல் நடந்த சர்வரை முதலில் என்ன செய்வீர்கள் என்ற பாணியில் கேள்வி வந்தால், தொழில்நுட்ப ஆட்களின் கை கேபிளைப் பிடுங்கத்தான் துடிக்கும். அங்கே எதிர்பார்ப்பது பெரும்பாலும் நிர்வாகியின் விடை. பென்டெஸ்ட் (அனுமதியோடு ஊடுருவி ஓட்டைகளைக் கண்டுபிடிக்கும்) வேலைக்குப் போகிறவர் ‘பெரிய பெயர்’ என்பதற்காக சிஐஎஸ்எஸ்பி எழுதுவதும், மேலாளர் நாற்காலியைக் குறிவைப்பவர் ஓஎஸ்சிபியோடு மல்லுக்கட்டுவதும் வீண் உழைப்பு.

பராமரிப்புச் செலவு பலரின் கணக்கில் வருவதே இல்லை. பட்டத்தை ஒருமுறை வாங்கினால் முடிந்தது. சிஐஎஸ்எஸ்பிக்கு வருடா வருடம் கட்டணம் கட்ட வேண்டும், மூன்று வருடத்துக்குள் தொடர்ந்து கற்றதைக் காட்டும் 120 சிபிஇ புள்ளிகளும் சேர்க்க வேண்டும். ஓஎஸ்சிபி காலாவதியாகாது, ஆனால் 2024 நவம்பரில் வந்த அதன் புதிய வடிவமான ஓஎஸ்சிபி பிளஸ்ஸுக்கு ஆயுள் மூன்றே வருடம். இப்படி நாலைந்தை வைத்திருப்பவர், புதிதாகக் கற்பதைவிடப் பழையதைப் புதுப்பிக்கவே ஓடிக்கொண்டிருப்பார்.

என்னைக் கேட்டால், வேலையில் இருப்பவர் சான்றிதழை முதலில் முடிக்கட்டும். கற்பித்தல், ஆராய்ச்சி, நாடு மாறுதல் என்ற திட்டம் இருப்பவர் பட்டத்தைத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டில் ஒன்றுதான் என்ற கட்டாயமும் கிடையாது. சைபர் செக்யூரிட்டிப் பயிற்சி தரும் அமெரிக்காவின் சான்ஸ் நிறுவனத்தின் முதுகலையில், அதனோடு இணைந்த ஜியாக் அமைப்பின் சான்றிதழ்த் தேர்வுகள் பாடத்துக்குள்ளேயே வந்துவிடுகின்றன. அமெரிக்கப் பல்கலைக்கழகமான ஜார்ஜியா டெக் 2019 முதல் சைபர் செக்யூரிட்டி முதுகலையை முழுக்க ஆன்லைனில் நடத்துகிறது, வேலையை விடாமலே படிக்கலாம். கம்பெனி பணம் கட்டுகிறது என்றால் மட்டும் ஒரு எச்சரிக்கை: படிப்பு முடிந்தபின் எத்தனை மாதம் அங்கேயே இருக்க வேண்டும், நடுவில் போனால் எவ்வளவைத் திருப்பித் தர வேண்டும் என்ற ஷரத்தைக் கையெழுத்துக்கு முன்பே வாசித்துவிடுங்கள்.