வட அயர்லாந்துக்கு வரும் சி.எஸ்.ஐ. பிள்ளைகளுக்கு: ஆரஞ்சு ஆர்டரில் சேரும் முன்

ஈ-விசா, தேசியக் காப்பீட்டு எண், வங்கிக் கணக்கு, ஜி.பி. (குடும்ப மருத்துவர்) பதிவு எல்லாம் வேலைக்குச் சேரும் ஆஸ்பத்திரியில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். யாரும் சொல்லித் தராதது ஒன்று இருக்கிறது: இங்கே புராட்டஸ்டண்ட், கத்தோலிக்கர் என்று பிரிந்திருக்கும் இரண்டு தரப்பும், அதில் புராட்டஸ்டண்ட் தரப்பின் சங்கமான ஆரஞ்சு ஆர்டரும். நெல்லை, நாகர்கோவில் பக்கமிருந்து வரும் சி.எஸ்.ஐ. பிள்ளைகள்தான், நாமும் புராட்டஸ்டண்ட் என்பதால், அதில் சிக்குகிறார்கள்.

வேலையில் சேரும்போது ஒரு படிவம் தருவார்கள். புராட்டஸ்டண்ட் சமூகம், கத்தோலிக்க சமூகம், இரண்டும் இல்லை என்று மூன்று கட்டங்கள். ஞானஸ்நானம் எந்தச் சபையில் என்று அது கேட்கவில்லை. இந்த ஊரின் இரண்டு தரப்பில் நீங்கள் எந்தத் தரப்பில் பிறந்தவர் என்று கேட்கிறது. மூன்றாவதில் டிக் போடுங்கள். விசுவாசத்தை மறுதலித்ததாக ஆகாது.

என் நண்பன் நாகர்கோவில்காரன், அவன் சி.எஸ்.ஐ., மனைவி ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர். நம் ஊரில் அது சகஜம். இரண்டு கோயிலுக்கும் போவார்கள், வேளாங்கண்ணிக்கும் போவார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் நல்ல மனிதர். குளிர்காலத்தில் ஹீட்டர் நின்றபோது அவர்தான் வந்து சரி செய்தார். ஆரஞ்சு ஆர்டரின் ஜூலை 12 ஊர்வலத்துக்கு அவர் கூப்பிட்டதும் இவன் கிளம்பிவிட்டான். பேனர்கள், புல்லாங்குழல் பேண்டு, தோளிலிருந்து மார்பில் இறங்கும் ஆரஞ்சுப் பட்டையும் அதில் லாட்ஜ் (ஆர்டரின் உள்ளூர்க் கிளை) எண்ணும். லாம்பெக் என்று ஒரு மேளம், ஆள் உயரத்தில் பாதிக்கு மேல் இருக்கும், இரு பக்கமும் ஆட்டுத்தோல். பிரம்பால் அடிக்கும்போது நெஞ்செலும்பு அதிரும். முடிவில் மைதானத்தில் ஜெபமும் வேதவாசிப்பும். அசனப் பண்டிகைக்கு வந்த மாதிரி இருந்தது என்றான். பெரியவர் பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டான்.

அந்தப் படம் வார்டு வரை போய்ச் சேர்ந்தது. அதுவரை ஷிஃப்ட் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த கத்தோலிக்கத் தோழிகள் பேச்சைக் குறைத்தார்கள். இவனுக்குக் காரணமே புரியவில்லை.

காரணம் இதுதான். ஆரஞ்சு ஆர்டர் 1795-ல், அர்மா மாவட்டத்தின் லாஃப்கால் அருகே இரு தரப்புக்கும் நடந்த மோதலையடுத்து உருவானது. 1690-ல் பாய்ன் நதிக்கரையில் கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸை வென்ற புராட்டஸ்டண்ட் மன்னர் ஆரஞ்சு வில்லியத்தின் பெயரைத் தாங்கியது. இயேசு ஒருவரே மத்தியஸ்தர், வேதாகமத்தை மதிக்க வேண்டும், ஓய்வுநாளை ஆசரிக்க வேண்டும் என்ற விதிகளைப் படித்தால் நம் சபைப் பிரசங்கம் மாதிரியே இருக்கும். கத்தோலிக்கரிடம் அன்பில்லாத சொல்லோ செயலோ கூடாது என்றும் உண்டு. ஆனால் ரோமின் போதனையை எதிர்க்க வேண்டும், கத்தோலிக்க வழிபாட்டில் கலந்துகொள்ளக் கூடாது என்பதும் அதே விதிகளில்தான் இருக்கிறது. 2011-ல் கொல்லப்பட்ட கத்தோலிக்கப் போலீஸ்காரர் ரோனன் கெர்ரின் அடக்கத் திருப்பலிக்குப் போனதற்காக, அல்ஸ்டர் யூனியனிஸ்ட் கட்சித் தலைவர் டாம் எலியட் மீதே ஆர்டருக்குள் புகார் எழுந்தது. நம்மில் யாரால் ஒரு சாவு வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியும்?

அரசியலும் அதோடு பின்னியது. புராட்டஸ்டண்ட் முடியாட்சிக்கு விசுவாசம், பிரிட்டனோடு இணைப்பு, இரண்டும் அதன் அடிப்படை. 1921 முதல் 1972 வரை இங்கே ஆண்ட பிரதமர்கள் ஆறு பேருமே உறுப்பினர்கள். அவர்களுடைய அல்ஸ்டர் யூனியனிஸ்ட் கட்சியோடு இருந்த அதிகாரபூர்வ உறவு 2005-ல்தான் முறிந்தது. போர்ட்டடவுனில் ட்ரம்க்ரீ தேவாலயத்திலிருந்து கத்தோலிக்கர் வாழும் கார்வாகி சாலை வழியே திரும்பும் ஊர்வலத்துக்காக 90-களில் நாடே பற்றியெரிந்தது. கிரெய்கவன் ஆஸ்பத்திரியில் சேர்பவர்கள் பலரும் போர்ட்டடவுனில்தான் வீடு பார்ப்பார்கள், தெரிந்து வைத்திருங்கள்.

பெரியவர் லாட்ஜில் சேரச் சொன்னார். மனைவி பூசைக்குப் போகிறாள், நானும் கூடப் போவேன் என்று நண்பன் சொன்னான். அப்புறம் அவரும் கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே தலையசைப்பதோடு சரி. இரண்டு பக்கமும் போனது. எனக்கு இன்னும் ஆறவில்லை. ஊரில் எங்கள் தெருவில் ஆர்.சி. வீட்டு நற்கருணை விருந்துக்கு எங்கள் அம்மாதான் பிரியாணிக்கு வெங்காயம் உரிப்பார்.

ஊர்வலத்தை நடைபாதையில் நின்று பாருங்கள், தடையில்லை. அணிக்குள் நின்று படம் வேண்டாம். சேரச் சொன்னால், "நாங்கள் வெளியூர்க்காரர்கள், எல்லார் கோயிலுக்கும் போவோம்" என்று முதல் நாளே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். வீட்டை ஜனவரியில் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். எந்தத் தரப்பின் தெரு என்று காட்டும் கொடிகள் கோடையில்தான் விளக்குக் கம்பங்களில் ஏறும். நடைபாதை ஓரக்கல்லைப் பாருங்கள், சிவப்பு வெள்ளை நீலமா (பிரிட்டன் கொடியின் நிறம்), பச்சை வெள்ளை ஆரஞ்சா (அயர்லாந்துக் கொடியின் நிறம்) என்று. 11-ஆம் தேதி இரவு பெரிய நெருப்பு மூட்டுவார்கள், அந்தத் திடலின் பக்கம் காரை நிறுத்த வேண்டாம். 12 பொது விடுமுறை, ஞாயிறானால் மறுநாள். பால், தயிர் முந்தின நாளே வாங்கி வைத்துவிடுங்கள்.