பலகைச் சுவருக்குள் வயர் இழுப்பது எப்படி?

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் உள்ளறைகளைப் பிரிப்பது மரச் சட்டமும் பலகையும்தான். இப்போது மாடியில் புதிதாக ஓர் அறை தடுப்பவர்களும் சட்டம் அடித்து, இரண்டு பக்கமும் பிளைவுட் வைத்து மூடிவிடுகிறார்கள். செங்கல் சுவரை வெட்டிப் பைப் பதிப்பது எந்த எலக்ட்ரீஷியனுக்கும் பழகிய வேலை. சட்டச் சுவர் என்றால் பலர் வயரை அப்படியே உள்ளே தொங்கவிட்டுப் பலகையை அடித்துவிடுகிறார்கள்.

நானும் அப்படிச் செய்திருக்கிறேன். கோத்தகிரியில் ஒரு வீட்டில் சட்டங்களின் ஓரமாக ஓட்டை போட்டு, பைப் இல்லாமல் வயரைக் கொண்டுபோனேன். சுவரை மூடி இரண்டு மாதம் கழித்து, புது வருஷக் காலண்டர் மாட்ட அந்த வீட்டு அக்கா ஓர் ஆணி அடித்தார். அடித்ததும், கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் ஆஃப் ஆனது. பலகையைக் கழற்றிப் பார்த்தேன். ஆணி முனை பேஸ் வயரின் தோலைக் கிழித்துக்கொண்டு போய் எர்த் வயரில் குத்தி நின்றது. ஆர்சிசிபி இல்லாத வீடாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் கை நடுங்குகிறது. சுவருக்குள் வயர் இழுக்கும்போது நீங்கள் மனதில் வைக்க வேண்டியது அந்த ஆணியைத்தான்.

ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டை போடுவது, பைப் மாட்டுவது, வயர் இழுப்பது வரை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனின் மேற்பார்வையில் நீங்கள் செய்யலாம். போர்டில் இணைப்புக் கொடுப்பது உரிமம் உள்ளவரின் வேலை. அவரை வேலை தொடங்கும் முன்பே ஒருமுறை கூப்பிட்டு, பாதையைக் காட்டிவிடுங்கள்.

மின்சாரத்தை நிறுத்துங்கள்

பழைய சுவரைத் திறப்பதாக இருந்தால் மெயினை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போகும் ஊர் இது, அதனால் பாதி வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கிறது. மெயின் ஆஃபில் இருந்தாலும் இன்வெர்ட்டர் லைனில் 230 வோல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அதையும் நிறுத்துங்கள். பிறகு டெஸ்ட் லேம்பையோ மல்டிமீட்டரையோ கரண்ட் இருப்பதாகத் தெரிந்த வேறோர் இடத்தில், பக்கத்து வீட்டு பிளக்கில் என்றாலும் சரி, வைத்து வேலை செய்கிறதா என்று பாருங்கள். அப்புறம்தான் தொடப்போகும் வயரில் வையுங்கள். டெஸ்டர் பென்சில் எரியவில்லை என்பதை மட்டும் நம்பிக் கை வைக்காதீர்கள்.

பாதை போடுங்கள்

சுவிட்ச் பாக்ஸிலிருந்து நேராக மேலே, அல்லது நேராகக் குறுக்கே. சாய்வாகக் கொண்டுபோனால் பைப் மிச்சமாகும், ஆனால் பின்னாளில் யாராலும் பாதையை ஊகிக்க முடியாது.

வயரையும் இப்போதே முடிவு செய்யுங்கள். லைட், ஃபேனுக்கு 1.5 சதுர மி.மீ., 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5, கீசருக்கு 4. ரூம் ஹீட்டர் 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், 3000 வாட் கீசர் 13 ஆம்பியர். மலையில் டிசம்பர், ஜனவரியில் விடிகாலையில் இரண்டும் ஒன்றாக ஓடும். அதனால் இரண்டுக்கும் தனித்தனி லைன், தனித்தனி எம்சிபி (லோடு மீறினால் தானே ஆஃபாகும் சுவிட்ச்). பேஸ் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை. இந்த நிறத்தை எந்த அவசரத்திலும் மாற்றாதீர்கள்.

ஓட்டை

நம் பக்கம் தடுப்புக்கு அதிகம் அடிப்பது மூணுக்கு ரெண்டு இன்ச் சட்டம்தான். மூன்று இன்ச் என்றால் 76 மி.மீ. 20 மி.மீ. பைப்புக்கு 22 மி.மீ. ஓட்டையைச் சரியாக நடுவில் போட்டால் இரண்டு பக்கமும் 27 மி.மீ. மரம் மிஞ்சும். அதன்மேல் 12 மி.மீ. பிளைவுட். ஆக, பலகையின் முகத்திலிருந்து பைப் வரை 39 மி.மீ. ஒன்றரை இன்ச் ஸ்க்ரூ 38 மி.மீ.; பைப்பின் வாசலில் வந்து நின்றுவிடும். இரண்டு இன்ச் ஆணி 51 மி.மீ.; உள்ளே போய்விடும்.

சட்டச் சுவரிலேயே வீடு கட்டும் அமெரிக்காவில் இதற்கு விதியே உண்டு. ஓட்டைக்கும் சட்டத்தின் ஓரத்துக்கும் நடுவே 32 மி.மீ. மரம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்தில் 1.6 மி.மீ. இரும்புத் தகடு அடிக்க வேண்டும். நம் மூணுக்கு ரெண்டு சட்டம் அந்தக் கணக்கில் தேறாது. எனவே தகடு கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிரில் பட்டறையில் 16 கேஜ் ஜிஐ தகட்டைக் கையகலத் துண்டுகளாக வெட்டித் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஓட்டைக்கும் நேராக, சட்டத்தின் இரண்டு முகத்திலும் ஒவ்வொன்று. ஆணி அடிப்பவர் கைக்கு இரும்பு தட்டுப்படும், அங்கேயே நிறுத்திவிடுவார்.

சட்டத்தின் அகலத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல், அதாவது 30 மி.மீ.க்கு மேல் துளைக்க வேண்டாம். இரண்டு பைப் போக வேண்டுமென்றால் பக்கத்தில் பக்கத்தில் துளைக்காமல், ஒன்றுக்கு மேல் ஒன்றாக அரை அடி தள்ளிப் போடுங்கள். கூரையைத் தாங்கும் சட்டமாக இருந்தால் ஆசாரியைக் கேட்காமல் தொடாதீர்கள்.

கற்பூர மரச் (யூகலிப்டஸ்) சட்டம் என்றால் துளையும்போது மறுபக்கம் சிம்பு சிம்பாகப் பிளக்கும். பிட்டின் முனை மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, அந்தப் பக்கத்திலிருந்து துளைத்து முடியுங்கள்.

பைப்பும் வயரும்

மூன்று மீட்டர் பைப்பை வரிசையான சட்டங்களுக்குள் நுழைக்க இடம் இருக்காது. துண்டுகளாக வெட்டி, கப்ளர் போட்டு இணைக்க வேண்டியதுதான். கப்ளர் ஓட்டைக்குள் நுழையாது, ஆகவே இணைப்பு இரண்டு சட்டங்களுக்கு நடுவே வரும்படி அளந்து வெட்டுங்கள். வெட்டிய வாயைக் கத்தியால் சீவிவிடுங்கள், இல்லையென்றால் இழுக்கும்போது வயர் தோல் உரியும். செங்குத்தாகப் போகும் பைப்பைச் சட்டத்தின் பக்கவாட்டில், முகத்திலிருந்து உள்ளே தள்ளி, இரண்டடிக்கு ஒரு சேடில் கிளிப் வைத்துப் பிடியுங்கள். பாக்ஸுக்கு அரை அடிக்குள் கட்டாயம் ஒன்று.

பைப் வீண் செலவு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பலகைச் சுவரின் இடைவெளி எலிக்கு நல்ல குளிர்கால வீடு, அது வயரைக் கடிக்கும். இன்னொன்று, குளிருக்காக உள்ளே தெர்மாகோல் அடைப்பது இங்கே வழக்கம். தெர்மாகோல் நேராகப் பட்டுக்கொண்டே இருந்தால் பிவிசி வயரை நெகிழ்வாக வைத்திருக்கும் எண்ணெய்ப்பசையை அது உறிஞ்சிவிடும். தோல் காய்ந்து வெடிக்கும். பைப் இரண்டையும் தடுக்கும்.

பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றையும் ஒன்றாக வயர் இழுக்கும் ஸ்பிரிங்கில் கட்டி, ஒருவர் தள்ள ஒருவர் இழுங்கள். பைப்புக்குள் ஜாயின்ட் கூடவே கூடாது. பாக்ஸில் அரை அடி வயர் மிச்சம் விடுங்கள்.

மூடும் முன்

இணைப்புக் கொடுக்க வருபவரிடம் 500 வோல்ட் மெகர் (வயர் தோலின் காப்பை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வயர்களுக்கு இடையே 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது; புது வயர் அதைவிடப் பல மடங்கு காட்டும். குறைவாகக் காட்டினால் எங்கோ தோல் உரிந்திருக்கிறது அல்லது ஈரம் இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாவிட்டால் இப்போதே போடச் சொல்லுங்கள்.

பிறகு டேப்பைச் சட்டத்தின் மேல் விரித்து வைத்து, தரையிலிருந்து அளவு தெரியும்படி ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுங்கள். பிரின்ட் போட்டு மெயின் போர்டின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

கடைசியாக, டிவி, சாமிப் பலகை, காலண்டர் எங்கே வரும் என்று வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். அந்த இடங்களில் இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஒரு குறுக்குக் கட்டை அடித்து, அதன் பக்கமே வயர் வராமல் பாதையை ஒதுக்குங்கள். கோத்தகிரி வீட்டில் இரண்டாவது முறை சுவரை மூடியபோது அந்த அக்காவைப் பக்கத்தில் நிற்க வைத்துத்தான் கட்டை அடித்தேன். மூடியதும் காலண்டர் ஆணியை அவரே அடித்தார்.