மெயில் சர்வர் டேபிளில் 1071 பிழை: 767 பைட் கணக்கும் தீர்வும்

போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் சர்வரை நிர்வகிக்கும் வெப் கருவி போஸ்ட்ஃபிக்ஸ்அட்மின். அதன் பழைய டேட்டாபேஸை யுடிஎஃப்8எம்பி4-க்கு (எழுத்துக்கு 4 பைட் வரை எடுக்கும் யூனிகோட் கேரக்டர் செட்) மாற்றப் போனால் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் சர்வர் சில நேரம் முரண்டு பிடிக்கும்: "ஸ்பெசிஃபைடு கீ வாஸ் டூ லாங், மேக்ஸ் கீ லெங்த் இஸ் 767 பைட்ஸ்". அதாவது, கீ (பதிவுகளைத் தேட உதவும் இன்டெக்ஸ்) 767 பைட்டைத் தாண்டுகிறது. பிழை எண் 1071. சில பதிப்புகளில் இதே கோளாறு 1709 என்று வரும். டேட்டா கெட்டுப்போகவில்லை. ரிப்பேர் டேபிள் கட்டளைக்கு இங்கே வேலையே இல்லை.

எல்லாம் பெருக்கல் கணக்குதான். மெயில்பாக்ஸ் டேபிளின் பிரைமரி கீ (ஒவ்வொரு பதிவையும் தனித்துக் காட்டும் நெடுவரிசை) யூசர்நேம். அது வார்கேர் 255, அதாவது 255 எழுத்து வரை கொள்ளும். பழைய யுடிஎஃப்8-ல் எழுத்துக்கு 3 பைட், ஆக 765, மயிரிழையில் தப்பிவிடும். புதியதில் எழுத்துக்கு 4 பைட், ஆக 1020. உள்ளே இருப்பது இருபது எழுத்து முகவரியாக இருந்தாலும் இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல்லின் ஸ்டோரேஜ் என்ஜின்) உச்ச நீளத்தைத்தான் பார்க்கும். ரோ ஃபார்மட் (பதிவுகளைச் சேமிக்கும் முறை) காம்பாக்ட் என்றால் வரம்பு 767. டைனமிக் என்றால் 3072.

முதலில் போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்துங்கள். வரவேண்டிய மெயில் தொலையாது, அனுப்பும் சர்வர் மறுபடி முயலும். அடுத்து மைஎஸ்க்யூஎல்டம்ப் கட்டளையால் காப்பு நகல் எடுத்து வேறு டிஸ்கில் வையுங்கள்.

பிறகு 'ஷோ கிரியேட் டேபிள் மெயில்பாக்ஸ்' கட்டளையைக் கொடுங்கள். கடைசி வரியில் என்ஜினும் கேரக்டர் செட்டும் தெரியும். ரோ ஃபார்மட் வெளிப்படையாகக் கொடுத்திருந்தால்தான் தெரியும். என்ஜின் மைஐசாம் (பழைய ஸ்டோரேஜ் என்ஜின்) என்றால் வரம்பு 1000 பைட். இன்னோடிபிக்கு மாற்றிவிட்டுத் தொடருங்கள்.

மைஎஸ்க்யூஎல் பதிப்பு 5.7.9 அல்லது அதற்கு மேல் என்றால் ஒரே ஆல்டர் டேபிளில் 'ரோ ஃபார்மட் = டைனமிக்', 'கன்வர்ட் டு கேரக்டர் செட்' இரண்டையும் கமா போட்டுக் கொடுத்தால் போதும். 5.6 என்றால் அதற்கு முன் கான்ஃபிக் கோப்பில் இன்னோடிபி லார்ஜ் ப்ரிஃபிக்ஸை ஆன் செய்து, ஃபைல் ஃபார்மட்டை பாராகுடா ஆக்கி, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். பின்னாளில் 8.0-க்குப் போகும்போது இவ்விரு வரிகளையும் அழிக்க மறந்தால் சர்வர் எழும்பவே எழும்பாது.

வார்கேரை 191 ஆகக் குறைத்தாலும் (764 பைட்) பிழை போகும். ஆனால் மெயில் முகவரி 254 எழுத்து வரை இருக்கலாம். டைனமிக் கிடைக்கும்போது நெடுவரிசையை வெட்டுவது வேண்டாத வேலை.

மாற்றும்போது 1062 (ஒரே கீ இரண்டு பதிவில் இருக்கிறது) வந்தால் அது வேறு கதை. பழைய கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) பெரிய எழுத்து, சின்ன எழுத்தைப் பிரித்துப் பார்த்திருக்கலாம். புதியது இரண்டையும் ஒன்றாக எண்ணும். இரட்டைப் பதிவைக் கையால் சரிசெய்யுங்கள்.

அலியாஸ், டொமைன் டேபிள்களையும் அதே கொலேஷனுக்கு மாற்றுங்கள். ஒன்று ஜெனரல், மற்றொன்று யூனிகோட் என்று நின்றால் ஜாயினில் (டேபிள்களை இணைத்துத் தேடும்போது) கொலேஷன் பொருந்தாத 1267 பிழை வரும். முடிந்ததும் 'போஸ்ட்மேப் -க்யூ' (போஸ்ட்ஃபிக்ஸ் டேபிளில் தேடிப் பார்க்கும்) கட்டளையில் ஒரு முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். பதில் வந்தால் போஸ்ட்ஃபிக்ஸைத் தொடங்கலாம்.