புது டாரண்டுலா வீட்டுக்கு வருகிறதா? பார்சல் வருவதற்கு முன்பிருந்து முதல் தோலுரிப்பு வரை

முதல் டாரண்டுலாவை வாங்கும் பலர், சிலந்தி பார்சலில் வந்துகொண்டிருக்கும்போதுதான் அதை வைக்க ஒரு பெட்டி தேடுகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். சிலந்தி வரும் நாளில் உங்களுக்குப் பத்து நிமிட வேலைதான் மிச்சம் இருக்கலாம். அதற்குப் பிறகு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, அதைச் சும்மா விட்டுவிடுவது. கேட்கச் சுலபமாக இருக்கும். புதிதாக வளர்ப்பவருக்கு அதுதான் கஷ்டம்.

இந்த விளக்கத்துக்கு 'கர்லி ஹேர்' என்று விற்கப்படும் ட்லில்டோகாட்ல் ஆல்போபிலோசஸ் இனத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மத்திய அமெரிக்கச் சிலந்தி. நிதானமானது, வறட்சியையும் ஈரத்தையும் ஓரளவு தாங்கும், விலையும் குறைவு.

படி 1: இனமும் சட்டமும்

டாரண்டுலாக்களை வளர்ப்பவர்கள் இரண்டாகப் பிரிப்பார்கள். அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை ஒரு பக்கம்; ஆசியா, ஆப்பிரிக்கா இனங்கள் இன்னொரு பக்கம். முதல் வகையில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றின் மேல் சுணை முடி உண்டு. பயந்தால் பின்னங்காலால் தேய்த்து அதைக் காற்றில் பறக்கவிடும். இரண்டாவது வகைக்குச் சுணை கிடையாது. அதற்குப் பதில் வேகமும் கடுமையான விஷமும் உண்டு. நம் ஊர்ப் பக்கத்துப் பொசிலோதீரியா இனங்கள் கடித்தால் கடும் தசைப்பிடிப்பு வரும். அது நாள்கணக்கில் விட்டு விட்டுத் தொடரவும் செய்யும். டாரண்டுலா கடித்து மனிதர் செத்ததாக உறுதியான பதிவு இல்லை. ஆனாலும் தொடக்கத்தில் இந்த வகை வேண்டாம். கர்லி ஹேர், மெக்சிகன் ரெட் நீ, சாக்கோ கோல்டன் நீ ஆகிய மூன்றில் ஒன்று போதும்.

விற்பவரிடம் அறிவியல் பெயரைக் கேட்டு வாங்குங்கள். 'ரெட் நீ' என்ற பெயரில் பல ஆண்டுகள் பிராகிபெல்மா ஸ்மிதி என்று விற்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை உண்மையில் பிராகிபெல்மா ஹமோரி என்று 2017-இல் வந்த ஆய்வுக்குப் பிறகுதான் தெளிவானது. காட்டில் பிடித்ததா, வளர்ப்பில் பிறந்ததா என்றும் கேளுங்கள். காட்டில் பிடித்தது ஒட்டுண்ணியோடு வரலாம், வயதும் தெரியாது. அதைவிட முக்கியம், காட்டில் அந்த இனமே குறைந்துகொண்டிருக்கலாம்.

இப்போது சட்டம். பிராகிபெல்மா பேரினம் முழுவதும் 1994 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. கர்லி ஹேரும் 2020-இல் தனிப் பேரினத்துக்கு மாற்றப்படும் வரை பிராகிபெல்மா பேரினத்தில்தான் இருந்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் பொசிலோதீரியா 2019-இல் பட்டியலில் சேர்ந்தது. இந்தியாவில் 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சைட்டிஸ் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினத்தை வைத்திருந்தால் பதிவு செய்ய வேண்டும். தபாலில் வரவழைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். 2021 ஜூலையில் போலந்திலிருந்து அருப்புக்கோட்டைக்கு வந்த ஒரு பார்சலைச் சென்னை விமான நிலையச் சுங்கத்துறை பிரித்தபோது, வெள்ளித்தாளிலும் பஞ்சிலும் சுற்றிய குட்டிக் குப்பிகளில் 107 உயிருள்ள சிலந்திகள் இருந்தன. அனுமதிக் காகிதம் எதுவும் இல்லாததால் திருப்பி அனுப்பப் பட்டன. சிங்கப்பூரில் டாரண்டுலா வளர்க்கவே அனுமதி கிடையாது. ஜெர்மனி, பிரிட்டன், கனடா போன்ற இடங்களில் வளர்ப்பில் பிறந்த குட்டிகள் எளிதாகக் கிடைக்கும். அங்கேயும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

படி 2: பெட்டி

சிலந்தியின் அளவை உடலை வைத்துச் சொல்வதில்லை. ஒரு பக்க முன்னங்கால் நுனியிலிருந்து எதிர்ப்பக்கப் பின்னங்கால் நுனி வரை குறுக்காக அளப்பார்கள். இதுதான் கால் அளவு. பெட்டியின் நீளம் அந்த அளவைப்போல் மூன்று மடங்கு இருந்தால் போதும். பெரிய பெட்டி வாங்கிக் கொடுப்பது அன்பு இல்லை. குட்டிக்கு அதில் இரை கிடைக்காமல் போகும், உங்களுக்குக் குட்டி கிடைக்காமல் போகும்.

இதில் விட்டுக்கொடுக்கக் கூடாதது உயரம். தரையில் வாழும் இனங்களுக்கு மண்ணிலிருந்து மூடி வரை கால் அளவைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் இடம் விடாதீர்கள். டாரண்டுலாவின் வயிறு மெல்லிய தோல் போர்த்திய பை. கண்ணாடியில் ஏறி ஒரு முழ உயரத்திலிருந்து விழுந்தால்கூட அது கிழிந்து செத்துப்போகலாம். அதனால் உயரமான பெட்டியாக இருந்தால் மண்ணை நிரப்பி உயரத்தைக் குறையுங்கள்.

மண் என்று சொல்வது பெரும்பாலும் தேங்காய் நார்த்தூள், அதாவது கோகோபீட். உலகம் முழுக்க இந்தப் பொழுதுபோக்கில் உள்ளவர்கள் வாங்கும் நார்த்தூள் கட்டியில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும்தான் போகிறது. பொள்ளாச்சிக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். உரம் கலந்த தோட்டக் கட்டி வேண்டாம். கட்டியை ஊறவைத்து, உப்பு போக நல்ல தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. அதைப் பெட்டியில் கொட்டி உள்ளங்கையால் நன்றாக அழுத்துங்கள். பொலபொலவென்று விட்டால் சிலந்தி தோண்டும் வளை சரிந்துவிடும். கர்லி ஹேர் குட்டிகள் நன்றாகத் தோண்டும், எனவே எட்டுப் பத்து சென்டிமீட்டர் ஆழம் கொடுங்கள்.

ஒளிந்துகொள்ள ஒரு இடம்: தக்கைப் பட்டை வாங்கலாம், அல்லது ஒரு கொட்டாங்குச்சியில் வாசல் வெட்டிப் பாதி புதைத்து வைக்கலாம். அடியில் ஒரு விரல் அளவு வளையை நீங்களே தொடங்கிக் கொடுத்தால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். தண்ணீருக்குச் சின்னக் கிண்ணம். குட்டிக்குத் தண்ணீர் பாட்டில் மூடி போதும். சில கடைகளில் கிண்ணத்துக்குள் ஸ்பாஞ்ச் போடச் சொல்வார்கள். அது கிருமி வளர்க்கும் இடம், வேண்டாம்.

காற்றோட்டத்துக்குப் பெட்டியின் இரு பக்கமும் துளைகள் இருக்கட்டும். கம்பிவலை மூடி ஆபத்து, கால் நகம் அதில் மாட்டிக்கொள்ளும். விளக்கு, வெப்பத் தட்டு எதுவும் தேவையில்லை. நாம் சட்டை மட்டும் போட்டுக்கொண்டு வசதியாக உட்காரும் அறை அதற்கும் வசதிதான்.

படி 3: வரும் நாள்

பார்சல் வருவதற்கு முன் மேஜையில் இவை இருக்கட்டும்: மென்மையான பெயின்ட் பிரஷ், ஒரு நீண்ட இடுக்கி, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதை மூட ஒரு கெட்டி அட்டை. அப்புறம் மேஜையை நம்பாமல், எல்லாவற்றையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குள் வைத்து வேலை செய்யுங்கள். சிலந்தி ஓடினாலும் முதலில் தொட்டிக்குள்தான் ஓடும். கதவைச் சாத்தி அடியில் துணி செருகுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், பூனையை வெளியே அனுப்புங்கள்.

வெளியே குளிரில் வந்த பார்சல் என்றால் உடனே பிரிக்காமல் அறையின் சூட்டுக்கு வரும்வரை கொஞ்சம் விடுங்கள். பிரிப்பதைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். 'உயிரோடு வந்துசேரும்' என்று உத்தரவாதம் தரும் விற்பனையாளர்கள் பலர், குறித்த நேரத்துக்குள் எடுத்த படம் இருந்தால்தான் ஒப்புக்கொள்வார்கள். கத்தியின் நுனியால் டேப்பை மட்டும் கீறுங்கள்.

உள்ளே பஞ்சு, காகிதம், நடுவே ஒரு குப்பி. குப்பிக்குள் ஈரமான டிஷ்யூ சுருள். சிலந்தி எந்தப் பக்கம் இருக்கிறது என்று வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். பிறகு குப்பியைப் புதுப் பெட்டிக்குள் படுக்க வையுங்கள், வாய் கொட்டாங்குச்சியின் வாசலைப் பார்த்து இருக்கட்டும். மூடியைத் திறந்து, டிஷ்யூவின் நுனியை இடுக்கியால் பிடித்து மெதுவாக வெளியே இழுங்கள். இழுக்க இழுக்க மடிப்பு பிரியும். எங்காவது ஒரு மடிப்பில் பழுப்பாக ஒரு கால் நீட்டிக்கொண்டிருக்கும். அங்கேயே நிறுத்துங்கள். சில குட்டிகள் தாமாக இறங்கி நடக்கும். சில, கால்களை உடலோடு ஒடுக்கிக்கொண்டு கல்லாகக் கிடக்கும். அதன் பின்னங்காலைப் பிரஷ்ஷால் ஒரு முறை தொடுங்கள், ஒரு அடி வைக்கும். மறுபடி தொடுங்கள். முன்பக்கம் தொட்டால் பின்னால் திரும்பி உங்கள் பக்கம் ஓடும். வாயால் ஊதாதீர்கள், அது எதிரி வந்த அறிகுறி அதற்கு. ஒரேயடியாக மறுத்தால் குப்பியைத் திறந்தபடியே உள்ளே வைத்துப் பெட்டியை மூடிவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் இடம் மாறியிருக்கும்.

வெளியே வந்து கண்ணாடியில் ஏறி மேலே வந்தால் பதறிக் கையால் பிடிக்க வேண்டாம். டப்பாவைக் கவிழ்த்து மூடி, அட்டையை அடியில் செருகினால் முடிந்தது.

வந்தது பெரிய சிலந்தி என்றால் முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். சுணை தோலில் பட்டால் கம்பளிப்பூச்சி பட்டதுபோல் அரிக்கும், கண்ணில் பட்டால் விஷயமே வேறு. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 2009-இல் கண் சிவந்து நீர் வடிந்தபடி ஒருவர் மருத்துவமனைக்கு வந்தார். கிருமித் தொற்று என்று மருந்து கொடுத்தும் சரியாகவில்லை. உருப்பெருக்கிப் பார்த்தபோது கருவிழியில் மயிர் மயிராகக் குத்தி நின்றது. தொட்டியைத் துடைக்கும்போது அவர் வளர்த்த சிலி நாட்டு டாரண்டுலா தூவிய சுணை அது. கண்ணாடி போட்டுக்கொண்டால் கண்ணை ஓரளவு காப்பாற்றும்.

கையில் ஏந்திப் படம் எடுக்கும் ஆசையை இங்கேயே விட்டுவிடுங்கள். அதில் சிலந்திக்கு ஒரு லாபமும் இல்லை.

படி 4: முதல் வாரம்

தண்ணீர் வையுங்கள், உணவு வேண்டாம். ஒரு வாரம் விடுங்கள். இந்த நாட்களில் அது மூலையில் ஒடுங்கியிருக்கும், அல்லது இரவெல்லாம் கண்ணாடியைச் சுற்றும், அல்லது வளை வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டு காணாமலே போகும். மூன்றும் சகஜம். உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கத் தோண்டாதீர்கள்.

கவலைப்பட வேண்டிய கோலம் ஒன்று உண்டு. எட்டுக் கால்களும் உடலுக்கு அடியில் மடங்கிச் சுருண்டு, வயிறு வற்றிச் சுருங்கியிருந்தால் அது நீர் வறட்சி. டாரண்டுலா காலை மடக்கத் தசை இருக்கிறது, முழுதாக நீட்டுவதற்கு உடல்நீரின் அழுத்தம் வேண்டும். அழுத்தம் குறைந்தால் கால் உள்ளே மடங்கும். பயணத்தில் வந்த குட்டியிடம் இதைக் கண்டால், ஆழமில்லாத தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் அதன் முன்பக்கத்தை மட்டும் மெல்லச் சாய்த்து வையுங்கள். மூச்சு விடும் உறுப்பு வயிற்றின் அடியில் இருப்பதால் வாய் நனைந்தால் மூழ்கிவிடாது. பிழைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் பல குட்டிகள் சில மணி நேரத்தில் கால் நீட்டும்.

படி 5: முதல் தீனி

இரை சிலந்தியின் வயிற்றைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. கிரிக்கெட் பூச்சி, தீனிக்காக வளர்க்கும் டூபியா கரப்பான், மீல்வார்ம் என்ற வண்டுப் புழு எல்லாம் நடக்கும். மீல்வார்மின் தலையை நசுக்கிப் போடுங்கள், இல்லாவிட்டால் மண்ணுக்குள் புகுந்துவிடும். வீட்டுக் கரப்பான் மட்டும் வேண்டவே வேண்டாம், அது எந்த மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ. மிகச் சின்னக் குட்டிக்கு உயிருள்ள பூச்சி பெரிதாகத் தெரியும். கொன்ற பூச்சியின் தொடையை வளை வாசலில் வைத்தாலே வந்து எடுக்கும்.

மாலையில் போடுங்கள், காலையில் பாருங்கள். தொடாத பூச்சியை எடுத்துவிடுங்கள். குட்டிக்கு வாரம் ஒரு முறை, வளர்ந்ததற்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். வளர்ந்த சிலந்தி மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருப்பதும் உண்டு. வயிறு பருமனாக இருக்கும்வரை நீங்களும் சாப்பிடாமல் தவிக்க வேண்டாம்.

படி 6: ஏற்கனவே சிலந்திகள் இருந்தால்

புதியதை வேறு அறையில் குறைந்தது ஒரு மாதம் வையுங்கள். இடுக்கியும் பிரஷ்ஷும் தனி. தீனி போடும் வரிசையில் அதற்குக் கடைசி இடம். வாயைச் சுற்றி வெள்ளையாகப் பசை போல் எதுவும் தெரிகிறதா, கெட்ட வாடை வருகிறதா, இரையைப் பிடித்தும் தின்ன முடியாமல் விடுகிறதா என்று கவனியுங்கள். இவை நூற்புழுத் தாக்குதலின் அடையாளங்கள். கலிஃபோர்னியாவில் வளர்ப்புச் சிலந்திகளின் வாயில் கண்டெடுத்த ஒரு நூற்புழுவுக்கு 2022-இல் டாரண்டோபெலஸ் ஜெஃப்டேனியல்சி என்று பெயர் வைத்தார்கள். நம்பகமான வைத்தியம் கிடையாது. தனியாக வைப்பதுதான் ஒரே வழி.

பெட்டியில் சீட்டு ஒட்டி அறிவியல் பெயர், வந்த தேதி, தின்ற தேதி, தோலுரித்த தேதி எழுதிவையுங்கள். இரண்டு டாரண்டுலாவை ஒரே பெட்டியில் போட்டால் சீக்கிரமே ஒன்றுதான் இருக்கும்.

படி 7: முதல் தோலுரிப்பு

தோலுரிக்கும் நாள் நெருங்கினால் வயிற்றில் முடி இல்லாத வழுக்கைப் பகுதி கறுத்து மினுமினுக்கும், தீனியை ஒதுக்கும். அப்போது பூச்சி எதையும் உள்ளே விடாதீர்கள். பிறகு ஒரு நாள் மல்லாந்து படுத்துக் கால்கள் மேலே கிடக்கும். செத்துவிட்டது என்று பலரும் அலறும் நேரம் இது. சாகும் சிலந்தி மல்லாராது, நிமிர்ந்தபடி கால் சுருட்டும். பெட்டியை அசைக்காமல் விடுங்கள்.

உரித்த பிறகு கோரைப்பல் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவக்கும், கடைசியில் கறுக்கும். கறுத்த பின்புதான் தீனி. உரித்த தோலைத் தூக்கிப் போடாதீர்கள். சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு ஊறவைத்து, வயிற்றுப் பகுதியைப் பிரஷ் நுனியால் உள்பக்கம் தெரியும்படி விரியுங்கள். நான்கு வெள்ளைத் திட்டுகள் தெரியும், அவை நுரையீரல்கள். முன்னால் உள்ள இரண்டுக்கும் நடுவே மடல் போல் ஒன்று எழும்பி நின்றால் பெண். கர்லி ஹேர் பெண் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழும், ஆண் அதில் பாதிகூட வாழாது. கால் அளவு ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டாத குட்டியின் தோலில் இதை வெறும் கண்ணால் பார்ப்பது கடினம், லென்ஸ் வேண்டும்.