கம்பியின் மின்தடை: விட்டத்தில் கவனம்

நான் முதன்முதலில் கணக்கிட்ட செப்புக் கம்பிச் சுருளின் மின்தடை, மீட்டர் காட்டியதில் கால் பங்குதான் வந்தது. வெகுநேரம் மீட்டரைத்தான் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால், ஆரம் போட வேண்டிய இடத்தில் விட்டத்தைப் போட்டிருக்கிறேன்! ஆரம் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகிவிடும்.

சூத்திரம் எளிது: மின்தடை எண்ணை (ஒரு பொருள் மின்னோட்டத்தை எவ்வளவு தடுக்கும் என்பதைக் காட்டும் எண்) நீளத்தால் பெருக்கி, குறுக்குவெட்டுப் பரப்பால் வகுக்க வேண்டும். உருளைக் கம்பிக்குப் பரப்பு π × ஆரம்². குழாயாக இருந்தால் உள்வட்டப் பரப்பைக் கழித்துவிடுங்கள்.

செம்பின் மின்தடை எண் 20 டிகிரி செல்சியஸில் சுமார் 1.72 × 10⁻⁸ ஓம் மீட்டர். இந்த அடுக்குக்குறியோடு மல்லுக்கட்டுவதை நான் விட்டுவிட்டேன். 1 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள செப்புக் கம்பி, மீட்டருக்கு 0.0172 ஓம். இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். அலுமினியத்துக்கு 0.028 என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, 2 மி.மீ. விட்டம், 50 மீட்டர் நீளம். ஆரம் 1 மி.மீ., பரப்பு 3.14 சதுர மி.மீ. 0.0172 × 50 = 0.86, அதை 3.14-ஆல் வகுத்தால் 0.274 ஓம். விளக்கு 25 மீட்டர் தள்ளி இருந்தாலும் கணக்கில் 50 மீட்டர்தான் வரும், மின்னோட்டம் போய்த் திரும்ப வேண்டுமே.

விட்டத்தைத் திருகு அளவியால் இரண்டு மூன்று இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். எனாமல் பூச்சைச் சுரண்டிவிட்டு அளக்க வேண்டும். விட்டத்தில் 5 சதவீதம் பிழை வந்தால் மின்தடையில் ஏறக்குறைய 10 சதவீதம் தவறும். நீளத்தை அளப்பதில் இவ்வளவு பதற்றம் வேண்டாம்.

கம்பி சூடானால் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் கூட்டுங்கள். மேலே சொன்ன கம்பி 70 டிகிரியில் 0.327 ஓம் ஆகிவிடும்.

அப்புறம், சரிபார்ப்பு. இவ்வளவு சிறிய மின்தடைக்குச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவை நம்பாதீர்கள். அதன் வயர்களுக்கே ஏறக்குறைய அதே அளவு மின்தடை இருக்கும். கம்பி வழியாக 1 ஆம்பியர் நேர்மின்னோட்டம் செலுத்தி, இரு முனைகளுக்கும் இடையே மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். 274 மில்லிவோல்ட்டுக்குப் பக்கத்தில் வந்தால் கணக்கு சரி. 68 என்று வந்தால் கம்பியின் ஆரமே 2 மி.மீ., நீங்கள் அதை விட்டம் என்று எடுத்துக்கொண்டீர்கள்.