முடியுமா என்று கேட்கும் முன்: இனிப்புநீர் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து கிளினிக்குகளுக்கு வருஷா வருஷம் மாணவர்கள் கேள்வித்தாளோடு வந்து இறங்குவார்கள். இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்கள் தங்கள் மருந்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், நோயைச் சமாளிக்கத் தங்களால் முடியும் என்று எவ்வளவு நம்புகிறார்கள் என்பதை அளப்பதுதான் வேலை. ஆள் கிடைப்பதில் கஷ்டமில்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர்; இங்குள்ள இந்தியர்களில் அது 31.4. விடுபட்ட பக்கம், கையெழுத்து வாங்காத தாள் எல்லாம் உங்கள் விரிவுரையாளர் கண்ணில் படும். அவர் கண்ணுக்குத் தப்புகிற, நாங்களும் ஒரு காலத்தில் செய்த தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

தடையே இல்லாத கேள்வி

"மருந்தை நேரத்துக்குச் சாப்பிட உங்களால் முடியுமா?" என்று ஒரு மாணவி செம்பனைத் தோட்டத்து அம்மா ஒருவரைக் கேட்டுக்கொண்டிருந்தார். "முடியும்மா." தாளில் 10க்கு 10. பக்கத்தில் இருந்த மிசி, அதாவது நர்ஸ், நான்தான். குறுக்கே புகுந்து, "பெரட்டுக்குப் போற நாள்லயும் முடியுமா?" என்றேன். பெரட்டு என்றால் தோட்டத்தில் வேலைக்கு முன் விடியற்காலையில் ஆள் கணக்கெடுப்பது. அம்மா சிரித்துவிட்டார்.

"அது எப்படி மிசி? விடியக்காலையில காட்டுக்குப் போயிடுவோம். சாப்பிடவே பத்து மணி ஆயிடும். வெறும் வயித்துல போட்டா கைகால் நடுங்குது. வேலை இல்லாத நாள்லதான் ஒழுங்கா போடுவேன்."

அவர் சாப்பிடுவது கிளிக்லசைட் என்ற சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை. சாப்பாடு இல்லாமல் போட்டால் சர்க்கரை இறங்கி நடுக்கம் வரத்தான் செய்யும். மாத்திரை நேரத்தை மாற்றித்தரச் சொல்லி டாக்டரிடம் பேசியிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் 10க்கு 10 வாங்கியவரைக் கூப்பிட்டு யார் பேசப்போகிறார்கள்?

தன்திறன் நம்பிக்கை, அதாவது ஒரு காரியம் தன்னால் முடியும் என்ற நம்பிக்கை, என்ற கருத்தை முன்வைத்த ஆல்பர்ட் பண்டூரா, 2006இல் எழுதிய வழிகாட்டியில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். தடை இல்லாத காரியம் என்றால் எல்லாருக்கும் நம்பிக்கை உச்சத்தில்தான் இருக்கும். அதனால் தடையைக் கேள்விக்குள்ளேயே வைத்து, படிப்படியாகக் கூட்ட வேண்டும். சாதாரண நாளில் முடியுமா? பெரட்டு நாளில்? தீபாவளிக்கு வீடு வீடாகப் போகும்போது? சம்பள நாளில் கூட்டாளிகள் தே தாரேக் (இனிப்பான பால் தேநீர்) வாங்கி முன்னால் வைக்கும்போது? வீட்டில் ஒரு சாவு விழுந்த வாரத்தில்?

இனிப்புநீரைச் சமாளிக்கும் நம்பிக்கையை அளக்க நெதர்லாந்தில் உருவான டிஎம்எஸ்இஎஸ் என்ற 20 கேள்விப் பட்டியலில் விருந்து, வெளியூர்ப் பயணம், உடம்பு சரியில்லாத நாள் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. நம் பிள்ளைகள் "நீளமாக இருக்கிறது" என்று சரியாக அந்தக் கேள்விகளாகப் பார்த்து வெட்டிவிடுகிறார்கள். இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

காரணம் இருக்கிறது. முதல் நாளிலேயே எல்லாரும் 9, 10 என்று சொல்லிவிட்டால், இனிப்புநீர் பற்றி வகுப்பு நடத்தி முடித்த பிறகு எண் ஏறுவதற்கு இடம் ஏது? அறிக்கையில் "வகுப்பால் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை" என்று வரும். அப்படி வந்த ஓர் அறிக்கையால் நல்ல வகுப்பு ஒன்று நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். கோளாறு கேள்வியில், பழி வகுப்பு எடுத்த மிசியின் தலையில்.

"செய்கிறீர்களா" என்பது வேறு கேள்வி

"முடியுமா" நம்பிக்கை, "செய்வீர்களா" எண்ணம், "செய்கிறீர்களா" பழக்கம். மூன்றையும் ஒரே பட்டியலில் கலந்துவிட்டு, நம்பிக்கை உள்ளவர்கள் ஒழுங்காக இருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதில் என்ன அதிசயம்? இன்றைய நிலையில் முடியுமா என்று மட்டும் கேளுங்கள்.

எண்ணைப் பழக்காமல் தொடங்குவது

0 முதல் 10 வரை என்றால் பலர் பரீட்சை மார்க் என்றே நினைப்பார்கள். பண்டூராவே முதலில் எடை தூக்கும் கேள்வியை வைத்துப் பழக்கச் சொல்கிறார். எங்களுக்கு அரிசி மூட்டை. 5 கிலோ பையைத் தூக்க முடியுமா? 10 கிலோ? 25? 50? "அம்பதுக்கு இடுப்பு போயிடும், ரெண்டு போடுங்க" என்று ஒருவர் சொன்னால் சரி, அளவுகோல் புரிந்துவிட்டது. அப்புறம் மருந்துக்கு வாருங்கள்.

மகனோ மருமகளோ பக்கத்தில் இருக்கும்போது

கேட்காதீர்கள்.

பொத்தாம்பொதுவாக "மருந்து"

மெட்ஃபார்மின் மாத்திரையை மறக்காமல் போடும் அதே ஆள், "ஊசி ஆரம்பிச்சா கிட்னி போயிடும்" என்று இன்சுலினுக்கு ஒத்துக்கொள்ள மாட்டார். பாகற்காய்ச் சாறு அவர் கணக்கில் மருந்தே இல்லை, உணவு. எந்த மருந்து என்று பெயர் சொல்லித் தனித்தனியாகக் கேளுங்கள்.

அவசியத்தையும் அச்சத்தையும் கழித்து ஒரே எண்ணாக்குவது

ஹோர்னும் சக ஆய்வாளர்களும் மருந்து பற்றிய நம்பிக்கைகளை அளக்க 1999இல் வெளியிட்ட பிஎம்கியூ கேள்வித்தாளில், குறிப்பிட்ட மருந்து பற்றிய பகுதியில் மருந்தின் அவசியத்துக்கு 5 கேள்வி, அதைப் பற்றிய கவலைக்கு 5 கேள்வி. ஒவ்வொரு பக்கமும் 5 முதல் 25 வரை வரும். கழித்துப் பார்ப்பது வழக்கம்தான். ஆனால் 22இல் 22 போனாலும் பூஜ்யம், 8இல் 8 போனாலும் பூஜ்யம். முதலாமவர் ஊசி வேண்டும் என்றும் தெரிந்து, பயந்தும் கிடப்பவர். பயத்தைப் பேசித் தீர்த்தால் போட்டுக்கொள்வார். இரண்டாமவருக்கு மருந்து இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அவரிடம் பயத்தைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது? இரண்டு எண்ணையும் தனித்தனிப் பத்தியில் எழுதி வையுங்கள்.

எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) முடிவைச் சொன்ன கையோடு

டாக்டரிடம் திட்டு வாங்கி வெளியே வருபவரிடம் நம்பிக்கையை அளக்க முடியாது. ரத்தம் எடுக்கக் காத்திருக்கும்போதே கேட்டு முடித்துவிடுங்கள்.